குழாய்க்காரர் எழுந்து நின்ற நாள்

காலை எட்டு நாற்பதுக்கு எங்கள் வரிசையில் எல்லா வீட்டுக் குழாயிலும் தண்ணீர் மெலிந்துவிடும். தெருமுனைப் பள்ளிக்கூடம் அந்த நேரத்தில்தான் தன் தொட்டியை நிரப்பும். அதுவரை விரல் கனத்துக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் நூலாக இறங்கும். அடுத்த வீட்டுப் பெண் அதைப் பார்த்துத்தான் பள்ளிப் பையை எடுப்பாள். கடிகாரம் பார்க்க மாட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அந்தக் குழாயைப் பதித்தவர் அவளுடைய அப்பா.

மூன்று வருடமாக அவர் எந்த வேலைக்கும் போகவில்லை. ஆனாலும் தெருவில் அவரைக் குழாய்க்காரர் என்றுதான் சொன்னார்கள். ஒரு மொட்டை மாடித் தொட்டிக்கு ஏறும்போது ஏணி சரிந்து விழுந்தவர். முதுகுத்தண்டில் அடி. கால்களில் உயிர் பாதிதான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நிற்பார். நின்றால் அடுத்த இரண்டு நாள் வலியில் பேச மாட்டார். அதனால் யாரும் நிற்கச் சொல்வதில்லை.

அவர் கட்டில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரை ஒட்டிக் கிடந்தது. தண்ணீர்க் குழாய் அந்தச் சுவரில்தான் மேலே ஏறும். அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் படுத்திருப்பார். எந்த வீட்டில் யார் குளிக்கிறார்கள், யார் குழாயைச் சரியாக மூடவில்லை என்று அவருக்குத் தெரியும். நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "லேப் பொண்ணு, தண்ணிய டெஸ்ட் பண்ணினா போதாது. மூடவும் கத்துக்கணும்."

நான் எழுந்து போய் மூடுவேன்.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிட்டேன். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இடத்தில் வேலை. ஐந்தரைக்குக் கிளம்பினால் இரண்டு மணிக்கு ஷிஃப்ட் முடியும். ஈரமான படுக்கை விரிப்புகளை உதறி, சூட்டு உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வருவதை இரண்டு பேராக நின்று மடிக்க வேண்டும். முனையோடு முனை, ஒரு சுருக்கம் இல்லாமல். கை முழுக்கச் சின்னச் சின்னச் சூட்டுத் தழும்புகள். வீட்டிலும் துண்டு, போர்வை எதையும் மகளோடு எதிரெதிரே நின்றுதான் மடிப்பார். பேச வேண்டியதையெல்லாம் அந்த நேரத்தில் பேசிக்கொள்வார்கள்.

குழாய்க்காரரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். முதல் வருடம் அது தெரியாமல் முதுகில் புண் வைத்து, எலும்பு தெரியும் அளவுக்கு ஆழமாகி, நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா மடித்து அனுப்பிய விரிப்பிலேயே படுத்திருந்தார். அதற்குப் பிறகுதான் சமூகநலத் துறை வீட்டுக்கு ஓர் உதவியாளை அனுப்பியது. எட்டரையிலிருந்து பன்னிரண்டரை வரை. ஒரு காலத்தில் மூட்டை தூக்கியவர். பெரிய உடம்பு. அதனால் மலை என்று பெயர். குழாய்க்காரரை அவர் மாப்ளே என்பார், குழாய்க்காரரும் அவரை மாப்ளே என்பார். குளிப்பாட்டுவது, மலஜலம் எடுப்பது எல்லாம் அவர்தான். "மாப்ளே, நீ ஊருக்கெல்லாம் கழிவுக் குழாய் போட்ட. உன் கழிவ நான் எடுக்கறேன். கணக்கு சரி" என்பார். குழாய்க்காரர் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி வரும்.

காலை எட்டரை வரை மகள். பிறகு மலை. இரண்டுக்கு மேல் அக்கா. நடுவில் ஒன்றரை மணி நேரம் மட்டும் அவர் தனியாக இருந்தார். அந்த வீடு அப்படித்தான் ஓடியது. ஒரு குழாயோடு இன்னொரு குழாயை இணைத்த மாதிரி. எங்காவது ஒன்று விலகினால் எல்லாம் நனைந்துவிடும்.

மகளுக்குப் பதினாறு வயது நிறைந்த வாரத்தில் கடிதம் வந்தது.

அக்கா அதை என்னிடம் எடுத்து வந்தார். அலுவலகத் தமிழ் அவருக்குப் பிடிபடாது. எனக்கும் இரண்டு தடவை படித்த பிறகுதான் பிடிபட்டது. வீட்டில் பதினாறு வயது நிறைந்த, வேலையில் இல்லாத ஒருவர் இருந்தால் அவரே நோயாளியைப் பார்த்துக்கொள்ளக் கூடியவர். ஆகவே உதவியாள் தேவையா என்று மறுமதிப்பீடு செய்யப்படும். இருபது மதிப்பெண். எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு மதிப்பெண். பதினைந்தும் அதற்கு மேலும் எடுத்தால், வீட்டில் யார் இருந்தாலும் உதவியாள் தொடர்வார். குறைந்தால் நிறுத்தப்படுவார். போன தடவை குழாய்க்காரருக்குப் பதினேழு.

"படிக்கறவளும் வேலையில இல்லாதவதானா?" என்றார் அக்கா.

ஆமாம் என்றேன். கூடவே ஒரு கையேடு வந்திருந்தது. முதல் பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு கைகள். கீழே, 'குடும்பமே முதல் துணை. அரசு அதற்கு அடுத்த துணை.'

நான் வாசித்துக் காட்டினேன். அக்கா படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடுத்த துணை எப்ப வருமாம்? மொதத் துணை சாஞ்ச பொறகா?"

மகள் பதினோராம் வகுப்பு. கணக்கு நன்றாக வரும். மாலையில் என்னிடம் வேதியியல் சந்தேகம் கேட்க வருவாள். கையேட்டை வாங்கிப் புரட்டிவிட்டு, "எங்கப்பா மட்டும்தான் ஃபெயில் ஆனா பாஸ்" என்றாள். நாங்கள் மூவரும் சிரித்தோம். அவருக்குப் பதினைந்து வராவிட்டால் அவளுடைய படிப்பு நிற்கும், அல்லது அக்காவின் வேலை. அக்காவின் வேலை நின்றால் அந்த வீட்டில் உலை வைக்க வழியில்லை. ஆக எது நிற்கும் என்று மூவருக்கும் தெரிந்தே இருந்தது.

அடுத்த பத்து நாளும் குழாய்க்காரருக்குப் பயிற்சி. அவர் பொய் சொல்ல வேண்டியதில்லை, சும்மா இருந்தால் போதும் என்பதை அவருக்குப் புரியவைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. யார் வந்தாலும் அவருக்குத் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொள்ள வேண்டும். சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். வந்தவர் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும்.

மலை சொன்னார், "மாப்ளே, மார்க் போட வர்ற அம்மா போற வரைக்கும் நீ ஒரு மூட்டை. நான் எத்தன மூட்ட தூக்கிருக்கேன். ஒண்ணுகூட எழுந்து வணக்கம் சொன்னதில்ல."

"வணக்கங்கூடச் சொல்லக்கூடாதா?"

"சொல்லு. படுத்துக்கிட்டே சொல்லு."

அவர் ஒத்துக்கொண்டார். அன்று சட்டையும் போட்டுக்கொள்வதில்லை என்றார். மதிப்பீட்டு அதிகாரி வந்த அன்று மகள் பள்ளிக்கு விடுப்பு. அக்கா ஷிஃப்டை மாற்றிக்கொண்டிருந்தார். ஏதாவது எழுத வேண்டியிருக்கும் என்று என்னையும் இருக்கச் சொன்னார். மலை இருக்கக் கூடாது என்பது விதி. அவர் காலையிலேயே வந்து எல்லாம் முடித்துவிட்டு, தெருமுனையில் போய் நின்றுகொண்டார்.

அதிகாரிக்கு அக்கா வயதுதான் இருக்கும். அன்றைக்கு அது அவருடைய நான்காவது வீடு. பை நிறைய மற்ற வீட்டுக் கோப்புகள். வெயிலில் வந்த முகம். உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றினார். கட்டிலருகே போய், "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு, உடனே அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ என்பது போல உதட்டை மடித்துக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது.

கேள்விகள் அரை மணி நேரம் போயின. சாப்பிடும்போது கை நடுங்குமா. ராத்திரி எத்தனை தடவை விழிப்பு வரும். அக்கா பதில் சொன்னார். குழாய்க்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையைத் தூக்கச் சொன்னபோது பாதி தூக்கினார். அது நிஜம்தான். முதுகுத் தழும்பை அதிகாரி குனிந்து பார்த்து அளவு எழுதிக்கொண்டார். என் கணக்கில் பதினாறு வந்துவிட்டிருந்தது.

முடிந்ததும் அதிகாரி கை கழுவ வேண்டும் என்றார். மகள் சமையலறையைக் காட்டினாள்.

அந்த வீட்டுச் சமையலறைக் குழாயைப் பாதிக்கு மேல் திருகக் கூடாது. திருகு மரை தேய்ந்து ஒரு வருடம் ஆகிறது. அது வீட்டில் எல்லோருக்கும் கைப்பழக்கமாகிவிட்டது, மலைக்கும் எனக்கும் கூட. குழாயை மாற்று என்று குழாய்க்காரர் தினமும் சொல்வார். வேறு பிளம்பரைக் கூப்பிட்டால் அவர் மனசு நோகும் என்று அக்கா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். பத்து நாளும் அவ்வளவு யோசித்த நாங்கள் குழாயை யோசிக்கவில்லை.

அதிகாரி பையை மேடைமேல் வைத்துவிட்டு முழுக்கத் திருகினார். குழாயின் தலை தெறித்து அவர் தோளில் பட்டது. தண்ணீர் கூரையில் போய் மோதி, மேடைமேல், பைமேல், கோப்புகள்மேல் கொட்டியது.

அக்கா வெளியே ஓடினார். மூடும் வால்வு வாசலில் ஒரு கல்லுக்கு அடியில் இருந்தது. கல்லை நகர்த்திவிட்டார். வால்வு இறுகியிருந்தது. மகள் துணியை அமுக்கினாள். துணியையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. அதிகாரி கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றார். நான் வாசற்படியில் நின்றேன். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வலது பக்கம் திருப்பு. வலது பக்கம்" என்று உள்ளேயிருந்து குழாய்க்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு குரல் நின்றது.

அவர் சமையலறை வாசலில் நின்றார். ஒரு கை சுவரில். இடுப்பில் துண்டு. யாரையும் பார்க்கவில்லை. இன்னும் மூன்று அடி வைத்து மேடையைப் பிடித்தார். கட்டை விரலை வைத்துக் குழாயை அடைத்தார். தண்ணீர் நின்றது.

"ஃபைல மேல வையுங்க" என்றார் அதிகாரியிடம். "நாலு வீட்டுப் பேப்பர் இருக்குமே."

மகளிடம் குழாயின் தலையைத் தேடச் சொன்னார். துண்டிலிருந்து நூல் உருவி மரையில் சுற்றச் சொன்னார். அவள் சுற்றியது பிடிக்காமல் பல்லால் கடித்து அவரே சுற்றினார். விரலை எடுத்த கணத்தில் தலையை வைத்து அழுத்தித் திருகினார். அந்தக் கை நடுங்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு சொட்டு நின்று, யோசித்து, விழாமல் நின்றது. அதைப் பார்த்துவிட்டு அவர் மெல்லத் தரையில் சரிந்து உட்கார்ந்தார்.

அக்கா வாசலிலிருந்து வந்தார். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார். அக்காவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அவரைத் தூக்கிக் கட்டிலில் போட நாங்கள் நான்கு பேர் வேண்டியிருந்தது. அதிகாரியும் ஒரு கால் பக்கம் பிடித்தார். புடவையெல்லாம் நனைந்திருந்தது. போகும்போது, "ரொம்ப நன்றிங்க" என்றார். குழாய்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு, "வாஷர் மாத்தணும். நூலு ஒரு மாசந்தான் தாங்கும்" என்றார்.

அன்றிரவே காய்ச்சல். முதுகுப் புண் மூன்றாம் நாள் மறுபடி திறந்துகொண்டது. கால்கள் முன்னைவிட மோசமாயின. பிறகு அவரால் கட்டிலைப் பிடித்து நிற்கவும் முடியவில்லை. மலை காலையில் வந்து அவரைப் பார்த்துவிட்டு வழக்கம்போல ஏதோ கேலி செய்யப் போனார். செய்யவில்லை.

முடிவு பதினெட்டாம் நாள் வந்தது. பதினொன்று.

அக்காவோடு நானும் அலுவலகம் போனேன். நீள மேசைகள், ஒவ்வொன்றிலும் கோப்புக் குவியல், நடுவில் ஒரு மின்விசிறி. அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. நான் நின்றேன். மேசைமேல் அக்கா வீட்டுச் சமையலறையில் நனைந்த கோப்புகள் உப்பி, விளிம்பு சுருண்டு கிடந்தன.

அவர் படிவத்தை எங்கள் பக்கம் திருப்பினார். எழுந்து நிற்கிறாரா, ஆம். எட்டு அடி நடக்கிறாரா, ஆம். பொருளைப் பற்றித் திருகுகிறாரா, ஆம்.

"நடந்துட்டு விழுந்தவரு இன்னும் எந்திரிக்கல. அதுக்கு எடம் எங்க?" என்றார் அக்கா.

"எடம் இல்லம்மா. முடியுமா முடியாதான்னுதான் இருக்கு. முடிஞ்ச பொறகு என்ன ஆச்சுன்னு இல்ல."

"நீங்க எழுதாம விட்டிருக்கலாம்."

"நான் பாத்தேன்ல." அதிகாரி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாத்தத எழுதலேன்னா நாளைக்கு நான் எழுதற எதையும் யாரும் நம்ப மாட்டாங்க. உங்க பக்கத்துத் தெருவுல ஒருத்தருக்குப் பத்தொம்பது போட்டிருக்கேன். அதையும் சேத்துத் தூக்கிப் போட்டுடுவாங்க."

அக்கா கையேட்டை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். இதை யார் எழுதியது என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கெட்டவங்க யாரும் எழுதலம்மா. நானும் அந்தக் கூட்டத்துல உக்காந்திருந்தேன். அரசாங்கமே பாத்துக்கும்னு சொல்லிட்டா, புள்ளைங்க பெத்தவங்கள விட்டுட்டுப் போயிடுமோன்னு எல்லாரும் பயந்தாங்க. நானும் கை தூக்கினேன்."

"எம் பொண்ணு எங்க போறாம்மா? ஸ்கூலுக்குத்தான போறா."

அதிகாரி ஒரு விதிப் பக்கத்தைப் புரட்டினார். மகளை வேறு முகவரிக்கு மாற்றினால் வீட்டுக் கணக்கில் அவள் வரமாட்டாள், உதவியாள் தானாகத் திரும்பிவிடுவார் என்றார். ஆறு மாதம் அங்கே இருந்ததற்கு அத்தாட்சி வேண்டும். அக்காவுக்கு ஒரே ஒரு தங்கை. ஒற்றை அறையில் ஐந்து பேர்.

"குடும்பந்தான் மொதல்னு போட்டுட்டு, பொண்ண வெளிய அனுப்பினா ஆள் தரேங்கறீங்க" என்றார் அக்கா. அதிகாரி தலைகுனிந்து படிவத்தை நேராக்கினார். மேல்முறையீடு செய்யலாம், தொண்ணூறு நாள் ஆகும், அதுவரை உதவியாள் கிடையாது என்றார். அதற்கான தாளை அவரே எடுத்துக் கொடுத்தார்.

தொண்ணூறு நாளுக்குள் மகளுக்கு ஆண்டுத் தேர்வு முடிந்துவிடும்.

அன்று மாலையே நான் அந்தத் தாளை நிரப்பினேன். கையெழுத்து மட்டும் அவருடையது வேண்டும். அச்சில் ஏற்கெனவே ஒரு வரி இருந்தது. 'நான் எழுந்து நிற்க இயலாதவன் என உறுதி கூறுகிறேன்.' குழாய்க்காரர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"நின்னேனே."

"இப்ப முடியலல்ல?" என்றார் அக்கா.

"இப்ப முடியல. அன்னைக்கு நின்னேன். அந்தம்மா பாத்தாங்க. பாத்தவங்ககிட்டயே நிக்கலன்னு எழுதிக் குடுக்கவா?"

அக்கா கோபப்படவில்லை. மகளைக் கூப்பிட்டு, காய்ந்த போர்வையின் இரண்டு முனைகளைக் கொடுத்தார். எதிரெதிரே நின்று மடித்தார்கள். அந்தத் தடவை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

மலையின் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அவரை வேறு தெருவுக்குப் போட்டிருந்தார்கள். மகளுக்கு அப்பாவைப் புரட்டக் கற்றுக்கொடுத்தார். "தோள்ல ஒரு கை, இடுப்புல ஒரு கை. உன் முதுகு வளையக்கூடாது கண்ணு. முட்டிய மடக்கு. இழுக்காத, உருட்டு." அவள் இரண்டே தடவையில் கற்றுக்கொண்டாள். குழாய்க்காரர் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். கிளம்பும்போது மலை, "வரட்டா மாப்ளே" என்றார். அவர் திரும்பாமலே கையைத் தூக்கினார், பாதி.

திங்கட்கிழமையிலிருந்து மகள் பள்ளிக்குப் போகவில்லை.

அதற்கடுத்த வாரம் ஒரு நாள் எனக்கு விடுப்பு. எட்டரை மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கையெழுத்தாகாத தாள் பையில் இருந்தது. எடுக்கத் தயக்கமாக இருந்தது. மகள் வீட்டு உடுப்பில் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பார்வையிலிருந்து தள்ளி, குழாய்க்குப் பக்கத்தில் வேதியியல் புத்தகம் திறந்திருந்தது. கட்டிலில் குழாய்க்காரரின் உதடு வெடித்திருந்தது. தலைமாட்டில் மடித்து வைத்த துணிக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர், நிறையத் தண்ணீரோடு.

"அம்மா கெளம்பிப் போயிட்டா குடிக்கறதில்ல" என்றாள் அவள், என்னிடம் மட்டும் கேட்கும்படி. "தண்ணி குடிச்சா ஒண்ணுக்குப் பாட்டில் வெக்கச் சொல்லணும்ல. அம்மா வர்ற வரைக்கும் அடக்கிக்கறாரு."

நான் கட்டிலருகே உட்கார்ந்தேன். அவர் கை குழாயின் மேல் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கலங்கல் குறைவாக இருக்கிறது, இந்த வாரம் தண்ணீர் நன்றாக வருகிறது என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

எட்டு நாற்பதுக்குச் சமையலறையில் சத்தம் மாறியது. மகள் கை நின்றது. குழாயில் தண்ணீர் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்தாள். நூலைக் கடித்து அவர் சுற்றிய மரை இன்னும் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. பாதிப் பாத்திரம் நிரம்ப வெகுநேரம் ஆனது. அவள் நகராமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவரும் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை. சுவர்க் குழாயில் மெலிந்த தண்ணீர் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பள்ளித் தொட்டி நிரம்பும் வரை அப்படியே இருந்தார் என்று நினைக்கிறேன்.

"லேப் பொண்ணு."

"சொல்லுங்க."

"அந்தப் பேப்பர் இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். கையேட்டை அடியில் வைத்து, பேனாவை விரல்களுக்கு இடையில் பொருத்தினேன். அச்சடித்த வரியை அவர் மறுபடி படித்தார். இப்போது அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கையெழுத்துப் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆனது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மகளைக் கூப்பிட்டார். அவள் ஈரக்கையோடு வந்து நின்றாள்.

"தண்ணி குடும்மா."

அவள் டம்ளரை வாயருகே பிடித்தாள். அடிவரை குடித்தார்.